இரும்பு படாத வில்

முன்னொரு காலத்தில் மல்லிநாட்டைக் கோதண்டராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நினைத்தால் நினைத்ததுதான் அவனுக்கு. ஒருநாள் சபையில், "என் முப்பாட்டன் இரும்பே படாத வில்லால் வேட்டையாடினாராம். எனக்கும் அப்படியொன்று வேண்டும்" என்றான்.

ஆயுதசாலைத் தலைவன் சூரநாதனுக்கு மந்திரி வெண்காடரைக் கண்டால் ஆகாது. "மந்திரியார் அறியாத வித்தையா? அவரே கைப்படச் செய்யட்டும், மகாராஜா" என்று கொளுத்திப் போட்டான்.

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள் வில் வராவிட்டால் மந்திரி நாட்டைவிட்டுப் போகலாம்" என்றான் ராஜா.

வெண்காடருக்கு ஒன்றும் ஓடவில்லை. காட்டில் மூங்கில் புதர் முன்னால் போய் நின்றார். கத்தியில்லாமல் எதை வெட்டுவது? கல்லோடு கல்லை மோதி, தெறித்த கூர்ச்சில்லால் அறுத்தார். பச்சையாக வளைத்த மூங்கில் விசையில்லாமல் வளைந்தபடியே நின்றுவிட்டது. அடுத்ததைத் தீயில் வாட்டினார். நாண் ஏற்றும்போதே முறிந்தது. வாட்டியது தப்பா, வளைத்தது தப்பா? மூன்றாவதைத் தணலிலிருந்து சற்றுத் தள்ளிவைத்துக் காயவிட்டார். எப்படியோ அது முறியாமல் வளைந்து நிமிர்ந்தது. மருள் கத்தாழையை நசுக்கி நாரெடுத்துத் தொடையில் உருட்டி நாண் திரித்தார். நாணல் தட்டையில் உதிர்ந்த பருந்திறகைப் பிசினால் ஒட்டி, எலும்பு முனை கட்டினார். அம்பும் ஆயிற்று.

சபையில் சூரநாதன் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் சரி. இதைச் செய்த கை இரும்பு எழுத்தாணி பிடித்த கைதானே? அப்போது இதிலும் இரும்பு பட்டுவிட்டதே."

"அதுவும் சரிதான் போலிருக்கிறது" என்றான் ராஜா, குழம்பிப் போய்.

இப்படியும் ஒரு வழக்கா? வெண்காடர் மெல்லச் சொன்னார்: "கை மட்டுமா மகாராஜா, என் வயிறும் அப்படித்தான். அரிவாளால் அறுத்த நெல்லைத்தானே உண்கிறேன். தாங்களும் அதையேதான் உண்கிறீர்கள். இரும்பு பட்ட கை செய்த வில் செல்லாதென்றால், இரும்பு பட்ட வாய் இட்ட ஆணையும் செல்லாது. ஆணை செல்லுமென்றால் வில்லும் செல்லும். எதுவென்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜா தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். வில்லை வாங்கி எய்தான். அம்பு முற்றத்து மாமரத்தில் தைத்து நின்றது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"சூரநாதா, உன் சட்டம் உனக்கு மட்டும் இருக்கட்டும். இதுபோலொரு வில் நீ செய்து தரும்வரை இரும்பு படாததையே சாப்பிடு."

உதிர்ந்த பழங்களைத் தின்று இளைத்துப்போன சூரநாதன், ஒரு காலையில் முறிந்த மூங்கில்களோடு மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஐயா, இதை எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும்?"

"எனக்கும் இன்னும் பிடிபடவில்லை" என்றார் வெண்காடர். "முதலில் நாலு பழம் சாப்பிடும். பிறகு இருவரும் சேர்ந்தே முறித்துப் பார்ப்போம்."