நண்பகல் மணி

அம்பாசமுத்திரம் சாலையில், ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு முப்பத்தைந்து வயதுதான். துறவு ஏற்பதற்கு முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காவி கட்டி ஆறு வருஷமாகியும் பேச்சில் பாதி பஸ் பேச்சாகவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முப்பது பேர் போலக் கூடத்தில் கண்மூடி உட்காருவார்கள். பன்னிரண்டுக்கு வெண்கல மணி அடிக்கும். உடனே பந்தி. அந்தச் சத்தம் அக்கரை வரைக்கும் கேட்கும் என்பதில் எல்லோருக்கும் பெருமை.

செண்பகவல்லி மட்டும் பதினொன்றே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். வாசலில் செருப்புகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும் மகள் தாரணியை இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஓடுவதற்கு முன் வரிசையைக் கலைத்து, அவரவர் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பாள். நாலு வருஷமாக இப்படித்தான். மடத்துச் சோறு இறங்காது போலிருக்கிறது என்று நாலு பேர் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது.

சாமியைவிட அவள் ஐந்து வயது மூத்தவள். கணவர் கோமதிநாயகத்துக்குக் கேரளாவில் வேலை, மாதத்தில் இரண்டு நாள் வருவார். தாரணிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து செண்பகவல்லி முழுசாகத் தூங்கியதில்லை. வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கூடத்து இரண்டு மணி நேரம் மட்டும்தான். அதுவும் கைக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிறு அவள் பத்து மணிக்கு முன்பே வந்து சாமியிடம் கேட்டுவிட்டாள்.

"கண்ணை மூடுனா மனசு நிக்க மாட்டேங்கு சாமி. என்ன செய்யணும்?"

சாமி ஒரு பழைய கதையை எடுத்தார். அவர் கண்டக்டராக இருந்த வண்டியில் தினமும் ஒரு அம்மா ஏறுவாளாம். சீட் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டாள். படிக்கட்டு ஓரத்தில் பையை இறுக்கிப் பிடித்தபடி நிற்பாள். இறங்குவதோ பதினாலு ஸ்டாப் தள்ளி. விசாரித்தால், என்றோ ஒருநாள் டிரைவர் அவள் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போயிருக்கிறார். அன்றைக்கு நிற்க ஆரம்பித்தவள்தான்.

"நீங்க என்ன செஞ்சீங்க சாமி?"

"ஸ்டாப் வந்தா நான் சொல்லுதேம்மா, உக்காருங்கன்னேன். மறுநாள் ஜன்னலோரம் உக்காந்து தூங்கிருச்சு."

செண்பகவல்லி சிரித்தாள். சாமி சிரிக்கவில்லை.

"நீங்க எந்த ஸ்டாப்புக்கு நிக்கீங்கக்கா?"

 அவள் வாசலில் தொங்கிய வெண்கல மணியைக் காட்டி, அந்த மணி என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதல் முறை வந்தபோது, சாமி வெளியூர் போயிருந்த நாள், பன்னிரண்டு மணிச் சத்தத்தில் தாரணி தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அடங்க ஒரு மணி நேரம் ஆனது. பந்தியில் இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், எல்லோரும் சார்வாள் என்று கூப்பிடும் அனந்தகிருஷ்ணன், பிள்ளையை அடக்கத் தெரியாதவர்கள் கூட்டத்துக்கு ஏன் வரணும் என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் கண்மூடி உட்கார்ந்தாலும் காது கடிகாரத்தில்தான் இருந்தது.

"ஏன் சொல்லல?"

"ஊருக்கே அடிக்கிற மணி. எம் பிள்ளைக்காக நிறுத்தச் சொல்லவா சாமி?"

 இதை இன்னும் ஒருத்தர் காதில் போடலாமா என்று சாமி கேட்டார். அவளுக்கு அரைமனசு. ஆனாலும் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு வந்தபோது கூடத்துச் சுவரில் கடிகாரம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. நேரம் தெரியாமல் அவள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். வெளியே தாரணி செருப்புகளைத் தரையில் தட்டித் தட்டி வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தூணில் சாய்ந்து, அதைக் கேட்டபடியே கண்ணை மூடினாள்.

விழித்தபோது கூடம் காலி. வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. தோளில் யாரோ ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள்.

மணி அடித்திருக்குமே. வாசலுக்கு ஓடினாள்.

முப்பது ஜோடி செருப்பும் ஒரே வரிசையில் படிக்கட்டு வரை நீண்டிருந்தன. தாரணி கடைசிச் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வெறுங்காலோடு சார்வாள். சாப்பிட்டு முடித்த கூட்டம் முழுக்க வெறுங்காலோடு வேப்பமர நிழலில் கதை பேசிக்கொண்டிருந்தது.

"எஞ்செருப்பு அந்தா நடுவுல இருக்கும்மா," என்றார் சார்வாள். "எடுத்தா வரிசை கெட்டுப்போகும். பிள்ளை முடிக்கட்டும்னு இருக்கேன்."

அவள் அண்ணாந்து மணியைப் பார்த்தாள். உள்ளே தொங்கும் நாக்கை ஒரு வெள்ளைத் துண்டால் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. சாமி காவித் துண்டுதான் போடுவார். வெள்ளைத் துண்டு இல்லாமல் வெளியே வராத ஆள் சார்வாள். இன்று அவர் தோள் சும்மா இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். தாரணி ஒருமுறை திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சாமி சமையல்கட்டிலிருந்து வந்தார்.

"தியானத்துல தூங்கிட்டேன் சாமி. தப்பு."

"மூணு மணி நேரம். நல்லாத் தூங்குனீங்க."

"மணி அடிக்காம எல்லாரும் எப்படிச் சாப்பிட வந்தாங்க?"

"பசிச்சுது, வந்தாங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார்வாளா கட்டுனாரு? அன்னைக்கு அவருதான சாமி அப்படிக் கேட்டது. இப்ப எப்படி மனசு மாறுனாரு?"

"நீங்க எங்கிட்ட சொன்னீங்க. நான் அவருகிட்ட சொன்னேன். அவ்வளவுதான் நடந்துச்சு. வாங்கக்கா, இலை போட்டாச்சு. நீங்களும் பிள்ளையும்தான் பாக்கி."