தலைகாட்ட ஒரு தொப்பி

"எந்தத் தொப்பி போட்டா என் தலைய யாரும் பாக்க மாட்டாங்க, முசியே?"

கேட்டவர் பிலவேந்திரன். மின்துறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவர் தனிஸ்லாஸ். பாண்டிச்சேரியில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரெஞ்சுக்கார மரியாதையோடு தொப்பி முசியே என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

தனிஸ்லாஸ் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நம்ம ஊர்ல தொப்பி போட்டா எல்லாரும் தலையத்தான் பாப்பாங்க."

பிலவேந்திரனுக்குச் சுருக்கென்றது. வந்த வழியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

தொப்பி முசியே பாரீஸில் சுரங்க ரயிலில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பது வயதிலேயே பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கீரை வாங்கப் போனாலும் தலையில் தொப்பி இருக்கும். வெயிலுக்கு வைக்கோல், மார்கழிக்குக் கம்பளி, மழைக்கு ஒன்று, துக்க வீட்டுக்கு ஒன்று. காலையில் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். பிறகு அன்றைக்கு யார் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று யோசிப்பார். அப்புறம்தான் ஆணியிலிருந்து ஒன்றை எடுப்பார்.

அவரிடம் போய்க் கேள்வி கேட்டால் பதில் வராது, செய்வதற்கு ஒரு வேலை வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. போனவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்துவிட்டு, மறுபடியும் அவரிடமே போய் நிற்பார்கள்.

பிலவேந்திரன் அவரைவிட வயதில் பெரியவர். போய்க் கேட்கக் கூச்சம்தான். ஆனால் தலை போகிற காரியம் என்கிறோமே, இவருக்கு அது சொல்லுக்குச் சொல் அப்படியே.

தை மாதத்தில் காதுக்கு மேலே கொஞ்சம் முடி கொட்டியது. பிறகு பின்னந்தலையில், பிறகு உச்சியில். புழுவெட்டு. வழுக்கையாக இருந்தாலாவது கௌரவமாக இருந்துவிட்டுப் போகலாம். இது ஆடு மேய்ந்த புல்தரை மாதிரி அங்கங்கே. டாக்டர் பார்த்துவிட்டு, கெடுதல் ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது, மெதுவாக வளரும் என்றார். அந்த மெதுவாக என்ற வார்த்தையில்தான் பிலவேந்திரன் இடிந்துபோனார்.

ஏனென்றால் ஈஸ்டர் முடிந்ததும் மகள் பெலிசித்தாவுக்குக் கல்யாணம்.

"கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் அப்பாதான் கை கொடுத்துக் கூட்டிட்டுப் போவணும். உள்ள தொப்பி போடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு ஜனம் மொத்தமும் ரெண்டு பக்கமும் உக்காந்து என் பின்னந்தலையப் பாக்கும். தொத்து வியாதின்னு நினைப்பாங்க, முசியே."

"அதுக்கு?"

"என் தம்பி சூசைநாதனைக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டேன். நான் வெளிய நின்னுடறேன். அப்புறம் மண்டபத்துல எல்லாரோடவும் கலந்துக்கிடலாம். அதுக்குத்தான் ஒரு தொப்பி வேணும்."

"பொண்ணு இன்னா சொல்லுது?"

பிலவேந்திரன் தரையைப் பார்த்தார்.

"பேசறதில்ல."

"எப்பலேருந்து?"

"தம்பி பேரச் சொன்னதுலேருந்து. சோறு போடுது. தண்ணி வைக்குது. பேச மாட்டேங்குது. அவங்கம்மா இருந்தா எடுத்துச் சொல்லுவா. அவளும் இல்ல."

சட்டென்று கோபப்பட்டார்.

"பொம்பளைங்க மட்டும் முக்காடு போட்டுக்கிட்டு உள்ள போலாம். நமக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?"

"அத சாமியாரக் கேளுங்க" என்று எழுந்தார் தனிஸ்லாஸ். "வாங்க, தொப்பியப் பாப்போம்."

ஆணி வரிசையில் இருந்ததிலேயே அகலமானதை பிலவேந்திரன் எடுத்தார். காதுவரை இழுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

"அது கூரை" என்றார் தனிஸ்லாஸ். "இறக்குங்க."

"நல்லா மறைக்குதே?"

"மறைக்கணும்னா ஹெல்மெட் போதும். உங்க ஆபீஸ்லயே குடுத்திருப்பாங்களே."

"கல்யாணத்துல ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கவா?"

"அப்ப தொப்பிதான். தொப்பின்னா எடுக்கணும்."

"எப்ப?"

"யாராவது வணக்கம் சொன்னா எடுக்கணும். வீட்டுக்குள்ள நுழைஞ்சா எடுக்கணும். பொம்பளைங்ககிட்டப் பேசினா எடுக்கணும். சவப்பெட்டி போனா, கண்ண விட்டு மறையிற வரைக்கும் கையிலயே வச்சிருக்கணும்."

பிலவேந்திரனுக்குத் தலை சுற்றியது.

"நான் மூடறதுக்கு வழி கேட்டு வந்தா, நீங்க நாள் முழுக்கத் திறக்கச் சொல்றீங்க."

தனிஸ்லாஸ் அவரைக் கிட்டே இழுத்து நிறுத்தினார். முகத்தின் அகலத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். கறுப்பு நாடா சுற்றிய, ஓரம் குறுகலான வைக்கோல் தொப்பி ஒன்றை எடுத்து பிலவேந்திரன் தலையில் வைத்தார். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டார்.

"மேல இருக்குற கூம்பக் கிள்ளாதீங்க, உடைஞ்சுடும். ஓரத்தப் பிடிச்சு எடுங்க. தினமும் போடணும். தினமும் கடைத்தெரு வழியா நடக்கணும். அப்புறம் வாங்க."

அவ்வளவுதான்.

முதல் நாள் பிலவேந்திரன் சந்து சந்தாகப் போனார். அப்படியும் ஒரு பழைய லைன்மேன் சைக்கிளை நிறுத்தி, "வணக்கம் போர்மேன் சார், இன்னா, துரை ஆயிட்டீங்க?" என்றான்.

மறுநாள் வந்து சொன்னார்.

"எடுத்தீங்களா?" என்றார் தனிஸ்லாஸ்.

"ஓரத்தத் தொட்டேன்."

"தொட்டா அது தொப்பிக்கு வணக்கம். அவனுக்கு இல்ல."

அடுத்த நாள் அரை அங்குலம் தூக்கினார். அதற்கடுத்த நாள் யாருமே வணக்கம் சொல்லக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டு நடந்தார். தவக்காலத்தில் வேண்டிக்கொள்ள அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு முற்பகல், மீன் மார்க்கெட் முனையில் பாண்டு வாத்தியம் கேட்டது. சவ ஊர்வலம். தெருவே ஒதுங்கி நின்றது. யார் பெட்டி என்று அவருக்குத் தெரியாது.

ஓடவும் இடமில்லை. பின்னால் சுவர், முன்னால் மீன் கூடைகள்.

தொப்பியை எடுத்தார்.

பெட்டி மெதுவாகத்தான் போனது. தூக்கியவர்கள் வயதானவர்கள். வெயில் அவர் உச்சியில் முடியில்லாத இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிச் சுட்டது. யார் பார்க்கிறார்கள் என்று கண்ணைச் சுழற்றினார். எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் பெட்டியைப் பார்த்தார்.

ஊர்வலம் வளைவில் திரும்பி மறைந்ததும் பக்கத்தில் ஒரு குரல்.

"இன்னாண்ணே, புழுவெட்டா?"

மீன்காரி அங்காளம்மா. வஞ்சிர மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே அவர் தலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சின்ன வெங்காயத்த வெட்டித் தேயிண்ணே. எங்க வூட்டுக்காரருக்கு அப்புடித்தான் வளந்துச்சு. சங்கரா நல்லா இருக்கு, எடுத்துக்கிறியா?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஊரே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தொப்பியைத் தூக்கினால் ஒரு மருந்து விழுந்தது. வெங்காயம் என்றார் ஒருவர். ஊமத்தங்காய் என்றார் இன்னொருவர். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, தன் மச்சானுக்கு வந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

பிலவேந்திரன் தனிஸ்லாஸிடம் வந்து கத்தினார்.

"ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு! ஆளாளுக்கு வெங்காயம் தேய்க்கச் சொல்றாங்க!"

"தேய்ச்சீங்களா?"

"எரியுது."

"எரியும்" என்றார் தனிஸ்லாஸ்.

தவக்காலம் முடிகிற சமயம் ஒரு நாள் பிலவேந்திரன் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது.

"இன்னிக்கு யாரும் எதுவும் கேக்கல" என்றார்.

"யாரையும் பாக்கலயா?"

"பாத்தேன். எடுத்தேன். போட்டேன். மார்க்கெட்ல மீன் விலையப் பேசினாங்க. தபால்காரர் மழை வருமான்னு கேட்டுட்டுப் போய்ட்டார்."

"வருத்தமா இருக்குதா?"

பிலவேந்திரன் யோசித்தார். பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"கொஞ்சம்."

தனிஸ்லாஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிலவேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் பெலிசித்தா இன்னும் பேசவில்லை என்ற நினைப்பு வந்ததும் அது பாதியில் நின்றுபோனது.

"கல்யாணத்துக்கு எதப் போடட்டும் முசியே? சாம்பல் கலர்ல சூட் தைச்சிருக்கேன்."

"எங்க நிக்கப் போறீங்க?"

"சொன்னேனே. கோயிலுக்கு வெளிய."

தனிஸ்லாஸ் எழுந்து போய், முதல் நாள் பிலவேந்திரன் ஆசைப்பட்ட அந்த அகலத் தொப்பியை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"சித்திரை வெயில்ல நிக்கிறவருக்கு இதுதான் சரி."

கேட்டது கிடைத்துவிட்டது. பிலவேந்திரனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கல்யாண நாள் காலையில் வீடு கொள்ளாமல் ஜனம். காரைக்காலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். சூசைநாதன் புது சூட்டில் விறைப்பாக ஒரு ஓரத்தில் நின்றார். அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் ஒத்துக்கொண்டவர். அண்ணன் மகள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கும் இல்லை.

பிலவேந்திரன் அந்த அகலத் தொப்பியோடு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். வருகிற ஒவ்வொருவருக்கும் தொப்பியை எடுத்தார், போட்டார். ஒரே நேரத்தில் பலர் வந்தபோது எடுத்த தொப்பியைப் போட நேரமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சூசைநாதனும் உறவினர்களும் முன்னால் புறப்பட்டுப் போனார்கள்.

பெலிசித்தா கார் ஏறினாள். கதவைச் சாத்தியபோது முக்காட்டு வலையின் நீண்ட வால் கதவிடுக்கில் சிக்கியது.

"ஐயோ, கிழியப்போவுது!" என்றார்கள் பெண்கள்.

பிலவேந்திரன் கையிலிருந்ததை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார். கம்பத்தில் ஏறி மின்கம்பியைப் பிரித்துப் பழகிய விரல்கள். ஒரு நூல் இழுபடாமல் வலையை விடுவித்தார்.

"நீங்களே பிடிச்சுக்கிட்டு உக்காருங்க பெரியவரே, திரும்பவும் மாட்டும்" என்றார் டிரைவர்.

வலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அழகாக இருந்தாள். அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு, சொல்ல வாய் வரவில்லை.

மாதா கோயிலில் மணி அடித்தது. படிக்கட்டில் சூசைநாதன் தயாராக நின்றார். உள்ளே ஆர்கன் தொடங்கியது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு ஜனம் எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பியது.

பிலவேந்திரன் வலையைப் பிடித்தபடியே மகளுக்குப் பின்னால் படியேறினார். வாசலில் அதைக் கவனமாகத் தரையில் படரவிட்டார். இனி தன் இடம் வெளியேதான் என்று ஒரு அடி பின்வாங்கினார்.

தீர்த்தத் தொட்டி ஓரம் தனிஸ்லாஸ் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. கோயிலின் முகட்டை எதற்கோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா, கைகூப்பிக்கொண்டே வந்தார்.

"வாங்க சம்பந்தி. வெயில்ல நின்னுட்டீங்களே?"

வணக்கம் சொன்னால் எடுக்க வேண்டும். பிலவேந்திரனின் வலது கை தானாக மேலே போனது. ஓரத்தைத் தேடிய விரல்கள் நெற்றிக்கு மேலே காற்றைத் தொட்டன. பிறகு தலையைத் தொட்டன.

முடியில்லாத இடம். கொஞ்சம் முடி. மறுபடியும் முடியில்லாத இடம்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டு வாசலிலிருந்து இப்படியேதான் வந்திருக்கிறார். காரிலும் இப்படியே. படியேறியதும் இப்படியே. கோயில் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சம்பந்தி கூப்பிய கையை இறக்கவில்லை; சிரித்த முகம் மாறவுமில்லை.

கை தலையிலேயே நின்றுவிட்டது. இறக்கத் தெரியவில்லை.

சூசைநாதன் அண்ணனைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

பெலிசித்தா திரும்பினாள்.

"அந்தக் கைய இப்புடிக் குடுங்கப்பா."