இசக்கியின் அடுப்பு

"இசக்கி மண்ணத் தொடவே மாட்டேங்கா, டீச்சர்," என்றார் அருணகிரி.

பூங்கோதை டீச்சர் மண் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நிற்கவில்லை.

"எப்ப இருந்து?"

"திங்கக்கிழமையிலருந்து. பாவாடையில கையச் சுத்திக்கிட்டு ஓரமா நிக்கா. மிட்டாய் குடுத்துப் பாத்துட்டேன். கத சொல்லிப் பாத்துட்டேன். அசைய மாட்டேங்கா."

அருணகிரி காலமெல்லாம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர். அவர் வகுப்பில் ஈ பறந்தால் சத்தம் கேட்கும். ஓய்வு பெற்ற கையோடு, சின்னப் பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. மலையடிவாரத்தில் பூங்கோதை நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயசுதான். ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த விஷயத்தில் மனுசன் கெட்டிக்காரர்.

அங்கே நாலு வயசுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் மண்தான். இசக்கி சேர்ந்ததிலிருந்து எதிலும் கை வைக்காதவள். போன வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமல், தானாக உட்கார்ந்து ஒரு சின்ன அடுப்புச் செய்தாள். பானையைத் தாங்க மூன்று குமிழும் வைத்தாள். அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது.

"அந்த அடுப்பு எங்க?" என்றாள் பூங்கோதை.

"வச்ச எடத்துலதான் இருக்கு. திங்கக்கிழம காலைல வந்து பாத்தா. 'என் அடுப்பக் காணும்'னா. 'இந்தா இருக்கே'ன்னேன். 'இது என்னோடது இல்ல'ன்னுட்டா."

"அவளோடதுதானா?"

அருணகிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு குமிழ் கொஞ்சம் குட்டையா இருந்துச்சு. பிள்ளைக போன பெறவு, இத்துனூண்டு மண்ணு வச்சுச் சரி பண்ணினேன். பானை வச்சா சரிஞ்சிரும்லா?"

"சரிஞ்சுதா?"

"வைக்கவே இல்லயே. பாத்தாலே தெரியுதே."

"யாருக்கு?"

ஆயுசுக்கும் கேள்வி கேட்டே பழகிய மனுசனுக்கு, பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சல்லடை ஓடிக்கொண்டே இருந்தது.

"அவ திரும்ப மண்ணத் தொடணும், டீச்சர். இல்லன்னா நான் இங்க இருந்து பிரயோசனமே இல்ல. அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

பூங்கோதை சலித்த மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். பெரிய உருண்டையாக உருட்டி அவர் கையில் வைத்தாள்.

"செஞ்சதச் சொல்லுங்க."

"சின்னப் பிள்ளைகிட்டயா?"

"பெறவு யார்கிட்ட? அடுப்பு என்னோடதா?"

அருணகிரி உருண்டையோடு போனார். இசக்கி அதே ஓரத்தில்தான் நின்றாள். முழங்கால் முனக, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். பள்ளி ஆய்வாளருக்கு முன்னால்கூட அவருக்கு இப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

"இசக்கி, ஒன் அடுப்ப நான்தான் தொட்டேன். ஒங்கிட்ட கேக்கல. தப்புதான்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பாவாடையிலிருந்து கையை உருவி, அடுப்பைத் தூக்கித் தரையில் போட்டாள். அது நொறுங்கியது.

அருணகிரி சிதறிய துண்டுகளைத் தொடவில்லை.

இசக்கி கையை நீட்டினாள்.

உருண்டையைக் கொடுத்தார்.

அவள் குந்தி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். வளைத்தாள், தட்டினாள், எச்சில் தொட்டு வழவழப்பாக்கினாள். ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது, போன தடவை போலவே, குட்டையாக வந்தது. அருணகிரி அதைப் பார்த்தார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு மெடல் குத்தலாம்.

இசக்கி விளையாட்டுச் செப்புப் பானையில் தண்ணீர் மொண்டு வந்து அடுப்பில் வைத்தாள்.

பானை சரிந்தது. தண்ணீர் முழுக்க அவள் மடியில் கொட்டியது.

அருணகிரியின் கை தன்னையறியாமல் அடுப்பை நோக்கிப் போயிற்று.

இசக்கி தலையை நிமிர்த்தவில்லை. குட்டைக் குமிழைத் தடவிப் பார்த்தாள். விரல் நுனியில் கொஞ்சம் மண் எடுத்தாள்.

"கையக் கட்டுங்க, சார்," என்றாள்.