தாத்தா நெற்றிக்குப் பொட்டு

அப்பளக் கம்பெனி வேலாண்டி அண்ணாச்சிக்கு மகா மிதப்பு. சொந்தபந்தங்களோடு சிவகாசி அச்சகத்துக்குள் நுழைந்தவர், படம் வரைகிற இசக்கியின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அவள் நின்றாள். ஒற்றை அப்பளமும் அதில் ஒரு கொப்புளமுமாக அவள் போட்டிருந்த லோகோவை விரலால் சுண்டினார்.

“இதுக்கு ஒரு ஆளு, ஒரு சம்பளம். என் மருமகன் போன்லயே போட்டுருவான். எங்க தாத்தா, அவரு மாடு, மூணு சாமி, கோபுரம், என் பங்களா எல்லாம் வரணும். ஒத்த ரூபாய்க் காசு அளவுக்குள்ள வரணும். வராட்டி, முதலாளி, இந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிரும்.”

அச்சக முதலாளி பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். இசக்கிக்கு இது பதினோரு வருஷத் தொழில். பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னதில் ஒன்றுவிடாமல் அடக்கி அச்சடித்தாள். தாளோடு சந்தனக் கிண்ணத்தையும் கொண்டுவந்தாள்.

“முதல் தாளுக்குப் பொட்டு வைக்கிறது எங்க வழக்கம் அண்ணாச்சி. தாத்தா நெத்தியில உங்க கையால வைங்க.”

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். கண்ணை இடுக்கித் தேடி, பயபக்தியோடு பொட்டு வைத்தார்.

“அது மாட்டோட பின்பக்கம்,” என்றாள் இசக்கி. “பேரனுக்கே தாத்தா தெரியல. கடைக் கூட்டத்துல நிக்கிறவளுக்கு உங்க அப்பளம் எப்படித் தெரியும்?”

முதலில் சிரித்தது மருமகன்தான். அவனை முறைத்துவிட்டு, “அந்த ஒத்த அப்பளத்தையே போடு,” என்று முனகினார் அண்ணாச்சி.

“போடுதேன். முதல்ல என் நாற்காலிய விட்டு எந்திரிங்க.”