இருபதாவது மீன்

கொண்டல்குடாவில் மூன்று அறிவாளிகள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களும் அந்த மூன்று பேர்தான்: சிலுவைப்பிச்சை, கஸ்பார், இஞ்ஞாசி. ஊருக்கு எதிரே கடலுக்குள் பவளப்பாறைத் திட்டு ஒன்று கிடக்கிறது; ஊரார் அதைப் 'பார்' என்பார்கள். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், படகின் அடியில் கண்ணாடி வைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே மீனைக் காட்டலாம் என்று மூவரும் கணக்குப் போட்டார்கள். கண்ணாடிக்கு எங்கே போவது? சிலுவைப்பிச்சை தன் வீட்டுச் சன்னல்களைக் கழற்றிப் படகில் பதித்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் காற்றும் மழையும் காக்காயும் யாரையும் கேட்காமல் வந்து போயின. அவன் மனைவி லூர்து அதிகம் பேசவில்லை. "படகுக்கு அனுமதி வாங்கிட்டு வாரும். இல்ல, சன்னலோட வாரும். ரெண்டும் இல்லாம உள்ள கால வச்சீருன்னா..." மீதியை அவள் சொல்லவில்லை. சிலுவைப்பிச்சை வாசற்படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தான்.

அனுமதி தரவேண்டியவர் பாரைக் காக்கிற அலுவலகத்தின் அதிகாரி பூங்கோதை மேடம். பொறுமைசாலி. இவர்களைச் சந்திக்கும்வரை அந்தப் பொறுமைக்குச் சோதனை வந்ததில்லை.

"வர்றவங்க இது என்ன மீன்னு கேட்டா நீங்க சொல்லணுமில்ல? வலையில விழுற மீன் உங்களுக்குத் தெரியும், பார் மீன் தெரியாது. தண்ணிக்குள்ள போய் இருபது வகையைப் படம் எடுங்க. இந்தப் புத்தகத்துல இருக்கிற படத்தோட ஒத்துப் பாத்து, பேர் எழுதிட்டு வாங்க. பத்து நாள் டைம்" என்று சொல்லி, தண்ணீருக்குள் படமெடுக்கும் கேமராவையும் கொடுத்தார்.

மூவரில் முக்குளிக்கத் தெரிந்தவன் இஞ்ஞாசி. முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயுமாக இறங்கி, இருபது படத்தோடு கரையேறினான். கம்ப்யூட்டர் கடையில் சாதாத் தாளில் அச்சுப் போட்டு, கஸ்பார் வீட்டு மேசையில் பரப்பினார்கள்.

"முதல் படமே ஒத்து வரலியேலே" என்றான் கஸ்பார். "மஞ்ச உடம்பு, கறுப்பு வரி, எல்லாம் சரி. ஆனா புத்தகத்து மீன் மேக்க போகுது. நம்ம மீன் கிழக்க போகுது."

"அப்ப அது வேற வகை" என்றான் இஞ்ஞாசி.

சிலுவைப்பிச்சை படத்தைத் தலைகீழாகத் திருப்பினான். "இப்பப் பாரு, மேக்க போகுது."

"போகுது. ஆனா செத்துப் போச்சே. வயிறு மேல கிடக்கு பாரு."

மூவரும் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள். பிறகு, பாவம், உயிரோடு இருக்கட்டும் என்று படத்தை நேராக வைத்தார்கள்.

அடுத்த சிக்கல் நிறம். புத்தகத்தில் செக்கச்செவேல் என்று இருந்த மீன் இவர்கள் படத்தில் நீலமாக இருந்தது. கஸ்பார் நெற்றியைத் தேய்த்தான். "இது தண்ணிக்குள்ள எடுத்த படம்லே. தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தாத்தானே சரியாத் தெரியும்?"

இவ்வளவு நேரமும் இது தோன்றவில்லையே என்று மற்ற இருவருக்கும் வெட்கமாகிவிட்டது. இருபது தாளையும் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார்கள். தண்ணீர் நீலமானது. தாள் வெள்ளையானது.

"மீன் எல்லாம் இறங்கிப் போயிட்டுலே!" என்று அலறினான் இஞ்ஞாசி.

கஸ்பார் ஓடிப்போய்த் தொட்டியின் அடைப்பை இறுக்கினான். சிலுவைப்பிச்சை டீ வடிகட்டியை எடுத்து வந்து சாயங்காலம்வரை அரித்தான். ஒரு கொசுப்புழு கிடைத்தது. புத்தகத்தில் அது இல்லை.

இப்படியே எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் மழை லூர்துவின் படுக்கைவரை வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுபடி அச்சுப் போட்ட படங்களையும் புத்தகத்தையும் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சோறு வேகிற நேரத்துக்குள் பத்தொன்பது மீனின் பேரை எழுதி முடித்தாள். இருபதாவது படத்தைப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

"அவளுக்கே தெரியல" என்றான் சிலுவைப்பிச்சை, பயந்துபோய்.

பயங்கரமான மீன்தான். முகம் முழுக்க ஒரே கண். வாயிலிருந்து ஒரு குழல். கன்னம் உப்பி, உச்சியில் கறுப்புத் துடுப்பு விரிந்து நின்றது.

"மீச இருக்கு. கெளுத்தி வகையோ?" என்றான் கஸ்பார்.

"கெளுத்திக்கு ஏதுலே காது?" என்றான் இஞ்ஞாசி. "நான் அங்கயேதான் கிடந்தேன், இத மட்டும் பாக்கவே இல்ல. கேமராவத் திருப்பிப் பிடிச்சப்ப வந்திருக்கும் போல."

உள்ளேயிருந்து லூர்து சிரிப்பை அடக்கிக் குரல் கொடுத்தாள்: "பேரை அதுகிட்டயே கேளுங்க!"

இஞ்ஞாசி உடனே கடலுக்குப் போனான். அரை மணி நேரம் முங்கி முங்கித் தேடிவிட்டு, பல் தந்தியடிக்கத் திரும்பி வந்தான். "இன்னைக்கு அது வரல."

பத்தாம் நாள் பூங்கோதை மேடம் ஜீப்பில் ஊருக்கே வந்து, பத்தொன்பது மீன் பேரையும் சரிபார்த்துப் பாராட்டினார். இருபதாவதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். "ஐயோ, இது இவரு! இஞ்ஞாசி!"

"நானா?" இஞ்ஞாசி தன் மீசையைத் தடவிப் பார்த்தான். இத்தனை நாளும் தனக்குக்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறோமே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"ஒண்ணுதானே, போகட்டும்" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "நிபந்தனையைக் கேட்டுக்கங்க. பார்ல இருக்கிற மீனைக் கரைக்குக் கொண்டு வரக் கூடாது. வந்துட்டா, எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விட்டுடணும். இல்லைன்னா அனுமதி ரத்து."

ஜீப் போனது. தாளைப் பிடித்தபடி மூவரும் நின்றார்கள். மெல்ல, இரண்டு பேர் மூன்றாமவனைப் பார்த்தார்கள்.

"இஞ்ஞாசி..." சிலுவைப்பிச்சை அனுமதித் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அனுமதி போச்சுன்னா என் சன்னலு வீணாப் போச்சுலே..."

இஞ்ஞாசி சட்டையைக் கழற்றி மடித்துக் கஸ்பார் கையில் கொடுத்தான். "கரைப்பக்கம் விட்டுராதீங்க. எடுத்த எடத்துலயே விடுங்க. சட்டம்னா சட்டம்."

இப்போது கொண்டல்குடாவில் கண்ணாடிப் படகு நன்றாக ஓடுகிறது. போன வாரம் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சன்னல் வழியே எட்டிப் பார்த்தது. கீழே முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயுமாக ஒன்று நின்று கையை ஆட்டியது. அந்த அம்மாள் ஆசையாக ஒரு முறுக்கை எடுத்துப் போடப் போனார்.

"மீனுக்கு எதுவும் போடக் கூடாதும்மா" என்று சிலுவைப்பிச்சை தடுத்தான். "அதுக்கு வீட்டுலேர்ந்து சோறு வந்திருக்கு."