பெட்டைக்கோழிச் சீட்டு

ஒரு சாவிக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை இது. முடிவில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்பேன். ஆகவே காதோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்டியாபீஸ். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் ஆலைக்கு அந்த வட்டாரத்தில் அதுதான் பெயர். அங்கே நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். பருப்பு திருட்டுப் போகிறதென்று முதலாளி பின்கதவைப் பூட்டிப் போட்டிருந்தான். ஒருநாள் வறுக்கும் இடத்தில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது நாற்பது பேரும் ஒரே முன்வாசலில் முட்டி மோதினார்கள். கொட்டை உடைக்கும் செல்லபாய்க்குச் சோறு கொண்டுவந்திருந்த மருமகள் மிதிபட்டுக் கால் முறிந்தாள். அதற்குப் பிறகும் பூட்டு தொங்கியது. உயிரைவிடப் பருப்பு உசத்தி என்று நினைக்கிறவனை எந்த வார்த்தையால் திட்டுவது? எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதவில்லை.

அவர்களில் ஓமனா என்பவள் பின்கதவைத் திறக்கச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தாள். மனுவையும் நீல மைப்பெட்டியையும் தன் பையில் போட்டு நடைவழிச் சுவரில் மாட்டிவைத்தாள். போகிற வருகிறபோது யார் கண்ணிலும் படாமல் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிடலாம். ஆனால் முதல் பெயர் யாருடையதோ அவள் வேலை போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். ஓமனாவே இரண்டாவது இடத்தில்தான் கையெழுத்துப் போட்டு, முதல் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்! மூன்று நாள் அது காலியாகவே கிடந்தது.

பருப்பைத் தரம் பிரிக்கும் மெர்லினிடம் ஒரு கட்டுப் படச்சீட்டு உண்டு. அவள் சித்தி மகள், ஓவிய டீச்சர் சுபிஜா, வரைந்து கொடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரு வரி. சாப்பாட்டு வேளையில் பெண்கள் மனக்குறையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒன்று எடுப்பார்கள். "கடவுளுக்கு வேலை கூடுதல். எல்லாருட்டயும் நேருல வந்து பேச முடியுமா? அதான் படம்," என்பாள் மெர்லின். கிடைத்த வரியைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதைத் தள்ளிவிடுவார்கள். செல்லபாய் மட்டும் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். "எனக்கக் கடவுளுக்கு வாய் உண்டு பிள்ளே," என்பாள்.

நான்காம் நாள் காலையில் மெர்லின் ஒரு காரியம் செய்தாள். 'பொறு' என்ற ஆமை, 'காத்திரு' என்ற கொக்கு, 'வளைந்துகொடு' என்ற நாணல் என்று தயங்கச் சொல்லும் சீட்டுகளையெல்லாம் உருவித் தன் சோற்றுப் பாத்திரத்துக்கடியில் ஒளித்தாள். தெய்வத்தின் வாயில் சொல்லைத் திணிக்கிறோமே என்று மனம் உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் ஒருத்தியாவது துணியமாட்டாளா என்ற ஆசை அவளுக்கு.

அன்று சாப்பிடச் செல்லபாய் கடைசியாக வந்தாள். வந்தவள் சோற்றைக்கூடத் திறக்கவில்லை.

"கொண்டா, இன்னைக்கு நானும் ஒண்ணு எடுக்கேன்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வந்தது பெட்டைக்கோழி. குஞ்சுகளுக்கு முன்னால் சிறகை விரித்துப் பருந்தை முறைக்கிறது. கீழே, 'நில். பின்னால் வருவார்கள்.' செல்லபாய் அதைத் தலைக்கு மேலே தூக்கி, சுற்றித் திரும்பி, எல்லோருக்கும் காட்டினாள்.

திருப்பிக் கொடுத்த சீட்டின் வெள்ளை ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஈரமாக ஒரு நீலக் கறை. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்து கன்னங்கரேலென்று ஆன விரல்கள் செல்லபாயுடையவை. "சீட்டை நாசமாக்கிட்டியளே அக்கா!" என்று மெர்லின் துப்பட்டாவால் தேய்த்தாள். போகவில்லை.

மணி அடித்தது. பை தொங்கிய நடைவழியாக எல்லோரும் உள்ளே போனார்கள். மாலையில் ஓமனா மனுவைப் பிரித்தால், முதல் இடத்தில் ஒரு கைநாட்டு. ரேகையே இல்லாத வழவழப்பான நீலத் திட்டு. ஓமனாவுக்குக் கீழே மற்ற முப்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள்.

மனு போன சேதி கேட்டு முதலாளியின் ஆட்கள் மறுநாளே செல்லபாயை வாசலில் தடுத்தார்கள். முப்பத்தொன்பது பேரும் அவளோடு வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்த தொழிலாளர் அலுவலக அதிகாரி மனுவைப் பார்த்து, "ரேகையே இல்லையே, இது எப்படிம்மா செல்லும்?" என்றார்.

"எனக்க ரேகை அந்தத் தோட்டுக் குவியல்ல கெடக்கு சார். வேணும்னா தேடி எடுத்துக்கிடுங்க," என்றாள் செல்லபாய். அதிகாரி அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பின்கதவைத் திறக்கவும் செல்லபாயை வேலைக்குத் திரும்ப எடுக்கவும் உத்தரவாயிற்று.

ஆலைக் கண்காணி சாவியைத் தரையில் விட்டெறிந்தான். செல்லபாய்க்குத் துணிவு கொடுத்தவள் எவளோ அவளே திறக்கட்டும் என்றார்கள் பெண்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த சுபிஜா, "கோழியை வரைஞ்சது நான்," என்றாள். "மனுவும் மையும் கொண்டுவந்தது நானாக்கும்," என்றாள் ஓமனா. மெர்லின் தான் ஒளித்ததை உடைத்துச் சொல்லி, கோழிச் சீட்டை நீட்டினாள். "ஆமை வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? சாவி எனக்குத்தான்." செல்லபாய் சிரித்தாள்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் செல்லபாய்க்குத் துணிவு கொடுத்தவள் யார்? சாவி யாருக்குச் சேரவேண்டும்?

விடை: மூவருக்கும் இல்லை. கொட்டை உடைக்கும் கை கறுக்கும், நீலமாகாது. சீட்டைத் தொடும்போதே அந்த விரலில் மை ஈரமாக இருந்தது. சாப்பிடப் பிந்தி வந்தவள் வழியிலேயே கைநாட்டு வைத்துவிட்டுத்தான் வந்தாள். தன் ஒருத்தியை நம்பி வரத் தயங்குகிறவர்கள் படத்தை நம்பி வருவார்கள் என்றுதான் சீட்டை எடுத்தாள். நீட்டிய சீட்டில் மெர்லினும் அந்தக் கறையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பார்த்ததும் வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. "அப்போ ஆமை வந்திருந்தா என்னக்கா செய்திருப்பிய?" என்று கேட்டாள். "ஆமைக்கு ஓடு உண்டு, எவன் மிதிச்சாலும் ஒடையாதுன்னு தூக்கிக் காட்டியிருப்பேன்." மெர்லின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். செல்லபாய் கதவைத் திறந்தாள், பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கிணற்றில் போட்டாள், வேலைக்குப் போய் உட்கார்ந்தாள்.