கீரி வீட்டுக்கு வந்த சாமான்கள்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு கீரிக் குடும்பம் வீடில்லாமல் அலைந்துகொண்டிருந்தது. அப்பா கீரியின் பெயர் நெட்டைவாலன். அம்மா கீரி செவத்தி. கூடவே மூன்று குட்டிகள்.

போன மழைக்காலத்தில் ஓடை பொங்கி அவர்களுடைய வளையை அடித்துக்கொண்டு போனது. அன்று முதல் விழுந்த மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் படுத்து எழுந்தார்கள். நான்காவதாக ஒரு குட்டியும் இருந்தது. பாவம், அது நனைந்து நனைந்தே செத்துப்போனது.

கோடை முடிகிற சமயத்தில் அவர்களுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மேட்டில் குடியிருந்த உடும்பு, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வளை காலி!

"இனிமே நாமளும் வீட்டுக்காரங்க!" என்று நெட்டைவாலன் குதித்தான்.

"குதிக்காதீங்க. முதல்ல மழை விழட்டும்" என்றாள் செவத்தி.

அவள் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் மழை விழும்போது வளைக்குள் யார் இருக்கிறார்களோ, அடுத்த பருவம்வரை அந்த வளை அவர்களுக்குத்தான். வெளியே நின்றவர் வெளியேதான்!

செய்தி வெள்ளைமூக்கி என்ற மந்தியின் காதுக்குப் போனது. நல்ல காரியம் என்றால் வெள்ளைமூக்கி முதல் ஆளாக வந்து நிற்பாள். மற்றவர்களைப் பேசத்தான் விடமாட்டாள். அவள் மரத்துக்கு மரம் தாவிக் கத்தினாள்.

"கீரி வீட்டுக்குச் சாமான் கொடுங்க! பழசா இருந்தாலும் பரவாயில்லை! இல்லாதவங்களுக்கு எது கிடைச்சாலும் உதவும்!"

எல்லா மிருகங்களும் தங்கள் தங்கள் இருப்பிடத்தை எட்டிப் பார்த்தன. அடடா, எவ்வளவு குப்பை! சுத்தம் செய்யவும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

வெள்ளைமூக்கி, அடிவாரத்தில் யாரிடமோ பிடுங்கிய குடையைக் கொடுத்தாள். அதில் கம்பிகள் மட்டும் இருந்தன. கரடி, தேன் வடிந்து முடிந்த அடையைக் கொடுத்தது. கடமான், விழுந்துபோன தன் கொம்பைக் கொடுத்தது. தூக்கணாங்குருவி, அடி பிய்ந்த பழைய கூட்டைக் கொடுத்தது. மயில் ஒரு கட்டு உதிர்ந்த இறகு கொடுத்தது.

கடைசியில் நல்ல பாம்பும் வந்தது. இரண்டு மரம் தள்ளியே நின்றுகொண்டது.

"நமக்குள்ள ஆயிரம் பகை இருக்கலாம். தர்மம்னு வந்துட்டா அதெல்லாம் பார்க்கக் கூடாது. இந்தாங்க, என் சட்டை! ஒரே ஒரு தடவைதான் போட்டது!"

நெட்டைவாலன் பாம்புச் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இதை நான் போட்டுக்கணுமா, கடிச்சுத் திங்கணுமா?" என்று செவத்தியின் காதில் கேட்டான்.

"எனக்கும் தெரியலை. வாங்கி வைங்க."

வாங்காமல் இருக்க முடியாது. வாங்கியதை வெளியே போடவும் முடியாது. தனக்குக் கொடுத்த பொருளைத் தன் கையால் வெளியே எடுத்துப் போடுகிறவனுக்கு, கொடுத்தவரின் சாதிசனம் ஓடையில் தண்ணீர் குடிக்க வழிவிடாது. அதுவும் அந்தக் காட்டு வழக்கம்தான்.

கீரிகள் எல்லாவற்றையும் வளைக்குள் திணித்தன.

"இந்தக் கொம்பு எதுக்குங்க?"

"எதையாவது மாட்டி வைக்க இருக்கும்."

"எதை மாட்டுறது?"

"குடையை மாட்டலாம்."

"குடை எதுக்கு?"

"மழை வந்தா பிடிக்க."

"துணியே இல்லையே!"

"அப்படின்னா கொம்புல மாட்டி வைக்கத்தான்!"

கொம்பு வளையின் வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதற்குமேல் ஒரு குட்டிகூட உள்ளே நுழைய முடியவில்லை. குடும்பம் வாசலில் படுத்துக்கொண்டது.

அந்த வழியாகப் போன கடமான் இதைப் பார்த்துவிட்டு வெள்ளைமூக்கியிடம் போய்ச் சொன்னது. "வீடு கிடைச்சும் வெளியேதான் படுக்குதுங்க! பழக்கம் விடலை போல!"

"சேச்சே! சாமான் போதலையோ என்னவோ!" என்றாள் வெள்ளைமூக்கி. உடனே ஓர் ஓட்டை வாளியும் ஒற்றைச் செருப்பும் அனுப்பி வைத்தாள். கீரிகள் அவற்றையும் கொம்புக்கு மேலே செருகின. செவத்திக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் உதவியிருக்கிறார்கள், ஆனால் படுக்க இடமில்லை. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் பிற்பகல் மேற்கே வானம் கறுத்தது. காற்றில் ஈர வாசம் வந்தது. அப்போது பார்த்து முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி ஆடி அசைந்து வந்தான்.

"வளைக்குள்ள யாரும் இல்லை போலிருக்கே? அப்ப நான் இருந்துக்கிறேன்!"

நெட்டைவாலன் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தான். செவத்தி முள்ளாண்டியைப் பார்த்தாள். வளையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"தாராளமா இருங்கண்ணே!" என்றாள். "உள்ளே கொஞ்சம் சாமான் கிடக்கு. நீங்களே எடுத்துப் போட்டுட்டு இருந்துக்குங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று நெட்டைவாலன் அலறினான். செவத்தி அவன் வாலை நறுக்கென்று கடித்தாள். அவன் ஒன்றும் புரியாமல் வாயை மூடிக்கொண்டான்.

முள்ளாண்டி கொம்பைப் பல்லால் கவ்வி இழுத்தான். மேலே இருந்த வாளி உருண்டு ஓடியது. செருப்பு அவன் முதுகில் விழுந்து முள்ளில் குத்திக்கொண்டது. உள்ளே நுழைந்து மறுபடி இழுத்தான். தேனடை ஒட்டிக்கொண்டது. அடுத்து குருவிக்கூடு ஏறியது. மயிலிறகுகள் அங்கங்கே செருகிக்கொண்டன. குடைக்கம்பி பின்னிக்கொண்டது. பாம்புச் சட்டை கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"அவ்வளவுதான்! வளை காலி!" என்று வெளியே வந்தவன், திரும்பி உள்ளே நுழையப் பார்த்தான். முடியவில்லை! கோபத்தில் உடம்பைச் சிலிர்த்தான். இன்னும் பெரிதானான்.

அவன் மூக்கில் முதல் துளி விழுந்தது.

"குட்டிங்களா, உள்ளே!" என்றாள் செவத்தி. ஐந்து கீரிகளும் அவன் கால்களுக்கு இடையில் புகுந்து வளைக்குள் போய்விட்டன. மழை சோவென்று கொட்டியது.

ஒதுங்க இடம் தேடி ஓடிவந்த மிருகங்கள் முள்ளாண்டியைப் பார்த்ததும் கதிகலங்கின.

"ஐயோ, பூதம்!" என்று கரடி மரத்தில் ஏறியது.

"என் குடை! திருடன், திருடன்!" என்றாள் வெள்ளைமூக்கி.

"நான் திருடலை! இந்த வீட்டுக்குக் குடி வந்தேன்!" என்றான் முள்ளாண்டி.

"அப்படின்னா கீரிங்க எங்கே?"

"உள்ளே!"

"நீ?"

"வெளியே!"

"குடி வந்தவன் ஏன் வெளியே இருக்கே?"

"அதுதான் எனக்கும் புரியலை!"

யாருக்கும் எதுவும் புரியவில்லை. செவத்தி தலையை வெளியே நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கொடுத்ததெல்லாம் உள்ளே இருந்துச்சு. அதனால நாங்க வெளியே இருந்தோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றாள் வெள்ளைமூக்கி.

"நீங்க கேட்கலையே."

வெள்ளைமூக்கி வளை வாசலில் குனிந்தாள். அவள் அப்படிக் குனிந்ததை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டாள். "சரி, இப்பக் கேட்கிறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"தரை ஜில்லுன்னு இருக்கு. குட்டிங்களுக்குக் கீழே போட ஒரு கை காய்ஞ்ச சருகு போதும்."

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். கோடை முழுக்கக் காடெங்கும் சருகுதான். காலை வைத்த இடமெல்லாம் அதுதான் நொறுங்கியது. இப்போது ஒன்றுவிடாமல் நனைந்து கிடந்தது. வளைக்குள்ளிருந்து ஒரு குட்டி இருமியது.

கரடி மரத்திலிருந்து இறங்கியது. தன் குகைக்கு ஓடியது. தான் படுத்துக்கொள்ளும் சருகில் பாதியை அள்ளி மார்போடு அணைத்தது. ஒரு துளி படாமல் முதுகை வளைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அதன் முதுகெல்லாம் ஒழுகியது. சருகு மட்டும் காய்ந்தபடியே இருந்தது.

"இந்தாம்மா. இது பழசில்லை. நான் இன்னைக்குப் படுக்க வச்சிருந்தது" என்றது. பிறகு முள்ளாண்டியைப் பார்த்து, "நீயும் வாடா, குகையில ஒரு மூலை இருக்கு. முள்ளை மட்டும் மடக்கிக்கோ!" என்றது.

குட்டிகள் சருகில் சுருண்டு, இருமல் நின்று, தூங்கிப்போயின. முள்ளாண்டி முள்ளை மடக்கியதும் ஒட்டியிருந்ததெல்லாம் கழன்று விழுந்தது. குடையையும் கொம்பையும் அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக யாரும் வரவில்லை. அவை மழையில் கிடந்தன.

என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுப்பவர் தன் வீட்டைத்தான் சுத்தம் செய்துகொள்கிறார். கேட்டுக் கொடுப்பவரே இன்னொருவருக்கு வீடு கொடுக்கிறார்.